வானத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். வேலை மாற்றலாகிக் காரைக்குடிக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. கையில் ஒரு சாதாரண டிஎஸ்எல்ஆர், அதோடு வந்த 18-55 லென்ஸ், ஒரு லேசான ட்ரைபாட். செட்டிநாடு என்றாலே எல்லோரும் வீட்டுத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் எடுக்கிறார்கள், உங்களுக்கு நிலக்காட்சி வேண்டும். கடல், குன்று, காடு மூன்றுக்கும் இங்கிருந்து எங்கே, எந்த மாதம் போவது? மழையில் கேமராவை எப்படிக் காப்பாற்றுவது? அடுத்து என்ன லென்ஸ் வாங்குவது?

இடங்களைப் பட்டியல் போட்டுத் தருவது சுலபம். தந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் திருமயம் போவீர்கள். வெளுத்துப்போன வானத்துக்குக் கீழே கோட்டையை எடுத்துவிட்டு, ஏதோ குறைகிறதே என்று திரும்புவீர்கள். நானே முதல் இரண்டு மூன்று வருடம் அப்படித்தான் திரும்பினேன். லென்ஸ் சரியில்லை என்று நினைத்து லென்ஸ் வாங்கினேன். அப்போதும் சரியாக வரவில்லை.

காரணம் இந்த மண்ணின் அமைப்பு. செட்டிநாடு பெரும்பாலும் பொட்டல். கடலைப் பார்த்து லேசாகச் சரிந்து போகிற தரை, வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது, கண் மட்டத்துக்கு மேலே எழுந்து நிற்பது பனையும் கோபுரமும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பாறைக் குன்றுகளும்தான். படத்தில் பாதிக்கு மேல் வானம் வந்துவிடும். அந்த வானம் வெறுமையாக இருந்தால் படமும் வெறுமைதான். ஊட்டியில் மலை எப்போதும் நிற்கிறது, மேகம் வந்தால் உபரி லாபம். இங்கே மேகம்தான் மலை. அதனால் நான் இடத்தை முடிவு செய்துவிட்டுக் கிளம்புவதில்லை. முதலில் வானம், அது எப்படி இருக்கிறதோ அதற்கேற்ற இடம்.

இன்னொரு விஷயம் வெளிச்சம். சூரியன் அடிவானத்தை ஒட்டி நிற்கிற ஒரு மணி நேரத்தை வெளிநாட்டுக்காரர்கள் பொன்வேளை என்பார்கள். நாம் இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து சுமார் 10 பாகை வடக்கே. இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக எழுந்து செங்குத்தாக இறங்குகிறது. மணிக்கு 15 பாகை வேகத்தில் அது நேராக ஏறினால் அடிவானத்திலிருந்து 6 பாகை உயர 25 நிமிடம்கூட ஆகாது. நமக்குக் கிடைக்கிற பொன்வேளை அவ்வளவுதான். விடியலுக்குப் போகிறவர் டீக்கடையில் வண்டியை நிறுத்தினால் போச்சு. கிழக்கு வெளுக்கிறதற்கு முன்பே ட்ரைபாட் ஊன்றியிருக்க வேண்டும். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நம் உச்சிக்கு மேலேயே வந்துவிடும், அந்த நாட்களின் நடுப்பகலில் நிலத்துக்கு உருவமே இருக்காது. தூங்கலாம்.

இனி பருவத்துக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் இந்த ஊரின் முதல் தரமான பருவம் இடிமழைக் காலம். ஒன்று சித்திரை, வைகாசியில் வரும் கோடைமழை. இரண்டாவது ஆவணி, புரட்டாசி மாலைகள். பகலெல்லாம் தரை காய்ந்து கொதிக்கும். மேற்கே மதுரை, திண்டுக்கல் பக்கம் மேகம் குவிந்து, மத்தியானத்துக்கு மேல் கிழக்கே நகர ஆரம்பிக்கும். கடற்காற்று எதிர்ப்பக்கமிருந்து உள்ளே வரும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் மேகம் கோபுரம் கோபுரமாக எழும். மூன்று மணிக்கு மொட்டைமாடிக்குப் போய் மேற்கே பாருங்கள். காலிஃபிளவர் மாதிரி விளிம்பு கூர்மையாக வளர்கிற மேகம் தெரிந்தால் மழை கட்டிக்கொண்டிருக்கிறது. இந்திய வானிலைத் துறை காரைக்கால் ரேடாரின் படத்தைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெளியிடுகிறது. அதில் சிவப்புத் திட்டு சிங்கம்புணரி அருகில் இருந்தால், அது திருப்பத்தூரைத் தாண்டுவதற்குள் ஒரு நல்ல கண்மாய்ப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடலாம் (கரைமேல் ஏறி நிற்க வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது).

எடுக்க வேண்டியது மழையை மட்டுமில்லை, மழைக்கு முந்தைய பத்து நிமிடத்தையும். மேற்கு முழுவதும் மைபோலக் கறுத்திருக்கும், கிழக்கிலிருந்து இன்னும் வெளிச்சம் வரும், அந்த வெளிச்சத்தில் செம்மண்ணும் காய்ந்த புல்லும் பனைமட்டையும் மேகத்தின் முன்னால் தனித்து எரியும். கேமராவின் மீட்டர் அந்தக் கறுப்பைப் பார்த்துவிட்டுப் படத்தை வெளுக்க வைக்கும். முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் குறைத்து எடுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் கேமராவுக்குள் போகிற வெளிச்சம் பாதியாகும்). வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) ஆட்டோவில் விடாதீர்கள். செம்மண்ணின் சிவப்பைப் பிழை என்று நினைத்து அது கழுவித் துடைத்துவிடும். பகல் வெளிச்சம் என்று ஒரு தேர்வு இருக்கும், அதில் வைத்துவிட்டு மறந்துவிடலாம். கேமரா பதப்படுத்தாமல் தருகிற ரா கோப்பாக எடுத்தால் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் வயலில் நிற்கும்போதே சரியான சிவப்பைத் திரையில் பார்ப்பது, அடுத்து என்ன எடுக்கலாம் என்று யோசிக்க உதவும்.

மழை விட்டவுடன் வீட்டுக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம். அப்போதுதான் கிழக்கே திரும்ப வேண்டும். நம்மைத் தாண்டிப்போன மேகம் கிழக்கே கறுத்து நிற்கும், மேற்கில் சூரியன் மேகத்துக்கு அடியிலிருந்து எட்டிப்பார்க்கும். வானவில் எப்போதும் சூரியனுக்கு நேர் எதிரில்தான் வரும். சூரியன் 42 பாகைக்கு மேலே இருந்தால் தரையில் நிற்பவர் கண்ணுக்கு அது தெரியாது. கோடையிலும் புரட்டாசியிலும் இது ஏறக்குறைய மாலை மூன்றரை மணிக்கணக்கு, அதற்கு முன்னால் தேடிப் பயனில்லை. சூரியன் இறங்க இறங்க வில் உயரும். உங்கள் 18-55 லென்ஸை எவ்வளவு விரித்தாலும் முழு வில் அடங்காது. முழு வில்லின் அகலம் 84 பாகை, உங்கள் லென்ஸ் பார்ப்பது சுமார் 66 பாகைதான். கேமராவை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து படமாக எடுத்து ஒட்டுங்கள். அல்லது, எனக்குப் பிடித்தது இதுதான், வில்லின் ஒரு கால் மட்டும் ஏதாவது ஒரு பனங்கூட்டத்தில் இறங்குகிற மாதிரி எடுங்கள்.

மின்னல் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2011 புரட்டாசியில் பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க்கரை மேல் ட்ரைபாட் போட்டு, நண்பனும் நானும் மின்னலுக்காக நின்றோம். மின்னல் தூரத்தில்தானே என்ற தைரியம். சுமார் இருநூறு அடி தள்ளி நின்ற பனையில் விழுந்தது. சத்தமும் வெளிச்சமும் ஒன்றாக வந்தன. கரையிலிருந்து எப்படி இறங்கினோம் என்று இன்றைக்கும் நினைவில்லை. பொட்டலில் கண்மாய்க்கரைதான் உயரமான இடம், அதில் நிற்கிற ஆள்தான் இன்னும் உயரம், இரும்பு ட்ரைபாட் வேறு. கணக்கு எளிது: மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று விநாடி என்றால் ஒரு கிலோமீட்டர். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் வரை இறங்கக் கூடாது. பைக்கில் போயிருந்தால் கூரையுள்ள ஒரு நல்ல கட்டடம். மரத்தடி கூடவே கூடாது, பனைமரத்தடி கூடவே கூடாது. தூரத்து மின்னலைக் காருக்குள்ளிருந்தே எடுக்கலாம். நன்றாக இருட்டிய பிறகு ஐஎஸ்ஓ 100, எஃப் 8, பதினைந்து இருபது விநாடி, தூரத்து விளக்கில் கையால் ஃபோகஸ். தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருந்தால் முப்பதில் ஒன்று விழும்.

ஐப்பசி, கார்த்திகை வேறு மாதிரி. வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் வானம் ஒரே சாம்பல். இடி குறைவு, கோபுர மேகமும் குறைவு, நாள் முழுக்க நசநசவென்று தூறல். பலரும் கேமராவைப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். அந்த நாட்கள் காட்டுக்கு உரியவை.

காடு என்றதும் முதுமலையை நினைக்க வேண்டாம். இங்கே இரண்டு வகை. ஒன்று, காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகிற வழியில் இருக்கும் சங்கரபதிக் காடு போன்றவை. மற்றது கோயில்காடு. ஊருக்கு வெளியே ஐயனாருக்கென்று விட்டுவைத்த நாலைந்து ஏக்கர், வீரை, உசில், உலக்கைப்பாலை, காட்டுக்கொடிகள், நடுவே சுட்டமண் புரவிகள். மழை குறைந்த கீழைக் கரையில் வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கிற இந்த மரக்கூட்டத்தைத் தாவரவியல்காரர்கள் உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். தைலமரத் தோட்டமும் சீமைக்கருவேலமும் பரவிய பிறகு அந்தப் பழைய காட்டின் மிச்சம் பெரும்பாலும் சாமிக்குப் பயந்து விட்டுவைத்த இடங்களில்தான் இருக்கிறது. வெயில் நாளில் இதற்குள் போனால் இலைகளுக்கு நடுவே விழும் வெள்ளைத் திட்டுகள் படத்தைக் கெடுத்துவிடும். வெள்ளையைக் காப்பாற்றினால் நிழல் கரி, நிழலைக் காப்பாற்றினால் வெள்ளை ஓட்டை. தூறல் நாளில் அந்தத் தொல்லை இல்லை. மேகமே பெரிய வெள்ளைத் துணியாக விரிந்து வெளிச்சத்தைச் சமமாக்கிவிடும். மரப்பட்டை நனைந்து கறுக்கும், பாசி எழும், புரவியின் காவி இரண்டு மடங்கு சிவக்கும். மாசமெல்லாம் தூசியில் மங்கிக்கிடந்த இலைக்கு அன்றைக்குத்தான் குளிப்பு.

ஆனால் நனைந்த இலை பளபளக்கும். அந்தப் பளபளப்பு வானத்தின் வெள்ளை, அது பச்சையை மூடிவிடும். போலரைசர் என்ற வடிகட்டியை லென்ஸ் முன்னால் மாட்டிச் சுழற்றினால் அந்த வெள்ளை கழன்று பச்சை வெளியே வரும். இதை மட்டும் கணினியில் பிறகு செய்ய முடியாது. வெளிச்சம் ஒரு ஸ்டாப்புக்கு மேல் குறையும், அதனால் ட்ரைபாட் கட்டாயம். மழைக் கோடு தெரிய வேண்டுமா, பின்னணியில் இருண்ட மரத்தை வைத்து 1/60 விநாடியில் எடுங்கள். வெளுத்த வானத்தின் முன்னால் மழை படத்தில் தெரியவே தெரியாது.

கோயில்காட்டுக்குள் போக முறை இருக்கிறது. செருப்பை வெளியே விட வேண்டும். சில காடுகளில் பெண்கள் போகக் கூடாது என்பார்கள், சிலவற்றில் ஒடிந்த குச்சியைக்கூட எடுக்கக் கூடாது. பல ஊர்களில் பூசாரி, மண்பாண்டம் செய்கிற வேளார்தான், அவரிடம் கேட்டுவிட்டு நுழையுங்கள். புரவியைச் செய்ததும் அவருடைய கையாகவே இருக்கலாம். எடுத்த படத்தை அடுத்த முறை பிரிண்ட் போட்டுக் கொடுத்தால் அப்புறம் அந்தக் காடு உங்களுக்கு எப்போதும் திறந்திருக்கும்.

குன்றுகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், நீங்களே கண்டுபிடிப்பீர்கள். பிரான்மலை, அதாவது பாரியின் பறம்பு, நமக்கு ஒரு மணி நேரப் பயணம். கார்த்திகையில் மேகம் அதன் உச்சியில் உட்காரும். அந்த நாளில் மலை ஏறினால் மேகத்துக்குள் நின்று வெள்ளையைப் பார்ப்பீர்கள், கீழே வயலிலிருந்து பார்ப்பதுதான் படம். ஏற ஆசைப்பட்டால் மழை விட்டு இரண்டு நாள் கழித்துப் போங்கள், பாறை வழுக்கும். திருமயம் கோட்டை 1687இல் சேதுபதி கட்டியது. நல்ல வெளிச்சம் இருக்கிற நேரத்தில் அதன் வாசல் திறந்திருக்காது. வெளியே தள்ளி நின்று தண்ணீரோடு சேர்த்து எடுப்பதே மேல். நார்த்தாமலை விசயாலய சோழீச்சுரம் மேற்குப் பார்த்த கோயில், அதனால் அது மாலைக்கு உரியது. இப்படிப்பட்ட மத்தியத் தொல்லியல் துறைச் சின்னங்களில் ட்ரைபாட் வைக்கத் தனி அனுமதி வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். குன்றக்குடி பக்கத்திலேயே இருக்கிறது, கூட்டமும் அதிகம்.

குன்றுகளில் நான் தேடுவது சுனையைத்தான். மழைக்குப் பிறகு பாறைக் குழிகளில் நிற்கிற தண்ணீர். கையளவு குட்டைகூடப் போதும். கேமராவைத் தண்ணீரைத் தொடுகிற உயரத்துக்கு இறக்கினால் அந்தக் கையளவில் முழு வானமும் வந்துவிடும். அந்தக் காலத்தில் ஈரப்பாறையில் படுத்துக்கொண்டு வியூஃபைண்டரில் கண் வைப்பேன், இப்போது திரையை மடக்கிப் பார்க்கிற வசதி வந்துவிட்டது. முழங்காலுக்கு நல்லது.

மார்கழி, தை மாதங்கள் கண்மாய்க்கு. மழை ஓய்ந்து, மண் ஈரமாக இருந்து, இரவு வானம் மேகமில்லாமல், காற்று அசையாமல் இருந்தால் விடியலில் மூடுபனி உறுதி. இரவில் தரை வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்கிறது, அதை ஒட்டிய ஈரக்காற்று பனியாகிறது. மேகம் போர்வை மாதிரி மூடியிருந்தாலோ காற்று வீசினாலோ வராது. ராத்திரி பத்து மணிக்கு வெளியே வந்து நட்சத்திரம் தெளிவாகத் தெரிகிறதா, வேப்பிலை ஆடுகிறதா என்று பார்த்துவிட்டு அலாரம் வைப்பது என் வழக்கம். பனியைக் கேமரா சாம்பலாக்கும், முக்கால் ஸ்டாப் கூட்டி எடுங்கள். சூரியன் எழுந்து ஒரு மணி நேரத்தில் எல்லாம் கரைந்துவிடும். பொட்டலின் பெரிய குறையை மூடுபனி தீர்த்துவைக்கிறது. சாதாரண நாளில் பக்கத்துப் பனையும் தூரத்துப் பனையும் கரண்டுக் கம்பமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், பனியில் ஒவ்வொன்றும் அதனதன் தூரத்தில் நிற்கும்.

திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம், 1977இல் அறிவிக்கப்பட்டது. வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அங்கே உங்கள் லென்ஸுக்குப் பறவை எட்டாது. எட்ட வேண்டிய அவசியமும் இல்லை. நாரைகள் புள்ளிபுள்ளியாக உட்கார்ந்த கருவேல மரங்கள், கீழே தண்ணீர், மேலே பனி, இவை போதும். கிட்டே போகிறேன் என்று கரையிலிருந்து இறங்கினால் ஊர்க்காரர்கள் சத்தம் போடுவார்கள், போடட்டும்.

நல்ல மழை பெய்த வருடத்தில் கண்மாய் நிறைந்து, உபரித் தண்ணீர் வெளியேறுகிற கலுங்கு பாயும். எந்தக் கண்மாய் மறுகால் போகிறது என்று டீக்கடையில் கேட்டாலே தெரிந்துவிடும். கல் மேல் வழிகிற தண்ணீரை அரை விநாடி வைத்து எடுத்தால் பட்டுத் துணி மாதிரி வரும். எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள், எனக்கு அலுத்துவிட்டது. 1/15இல் எடுத்துப் பாருங்கள், தண்ணீருக்கு வேகமும் இருக்கும், உருவமும் இருக்கும். ஊருணிக்குப் போனால் குடிதண்ணீர் எடுக்கிற இடமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், படியில் செருப்போடு இறங்கி ஒரு ஆச்சியிடம் நான் வாங்கிய திட்டு உங்களுக்கு வேண்டாம்.

இனி கடல். தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டி. நாலரைக்குக் கிளம்பினால் விடியலைப் பிடிக்க முடியாது, நாலு மணிக்கே வண்டி நகர வேண்டும். நமக்கு வாய்த்தது பாக் விரிகுடாவை ஒட்டிய கரை. ஆழம் குறைந்த, அலை அடங்கிய கடல், மீனவர்கள் பெண்கடல் என்பார்கள். பாம்பனுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல். வடகிழக்குப் பருவக்காற்றில் பெண்கடல் கொந்தளிக்கும், ஆண்கடல் அடங்கியிருக்கும். தென்மேற்குக் காற்றில் நேர்மாறு. கார்த்திகையில் அலை வேண்டுமென்றால் தொண்டிப் பக்கம், ஆடியில் அலை வேண்டுமென்றால் ராமேசுவரத்துக்குத் தெற்குப் பக்கம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

சூரிய உதயத்தைத்தான் எல்லோரும் எடுப்பார்கள், எடுங்கள். ஆனால் நான் தொண்டிக்கு மாலையிலும் போவேன். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும், முன்னால் கடல் ஈயம் மாதிரி, அதற்கு மேல் கிழக்கில் எங்கோ இடிமேகம் இளஞ்சிவப்பில் எழும். உள்நாட்டில் நம்மை நனைத்துவிட்டுப் போன அதே மேகம் கடல்மேல் போய் நிற்பதைப் பார்க்கிற சுகம் தனி. தண்ணீர் வற்றுகிற நேரத்தில் சேறு நெடுந்தூரம் தெரியும். ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர்கூட இருக்காது, தரை தட்டை என்பதால் தண்ணீர் வெகுதூரம் பின்வாங்குகிறது. சேற்றில் சாய்ந்து கிடக்கிற வத்தைப் படகுகள், நங்கூரக் கயிறு, கரையில் கறுப்புக் கோடாக ஒதுங்கிய கடற்புல். அந்தக் கோட்டைக் குப்பை என்று நினைத்து ஒதுக்காதீர்கள். இந்தக் கடலடியில் புல்வெளி இருப்பதற்கு அது அடையாளம். அதை மேய்கிற கடற்பசுவுக்காகத்தான் புதுக்கோட்டை, தஞ்சாவூர்க் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். படத்தில் அந்தக் கறுப்பு வளைவு கண்ணைக் கடல்வரை கூட்டிப்போகும். இன்னும் தெற்கே காரங்காட்டில் வனத்துறைப் படகில் அலையாத்திக் காட்டுக்குள் போகலாம், படகு ஆடும், 1/500க்குக் குறையாமல் வையுங்கள். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களும் நல்ல பொருள்தான், பரிகாரம் செய்ய வந்தவர்களை மறைத்துக்கொண்டு நிற்காத வரை. ட்ரோனை மறந்துவிடுங்கள். உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருக்கிறது, அந்தப் பக்கம் பறக்கவிட்டால் படம் எடுத்த கதையை வேறு இடத்தில் போய்ச் சொல்ல வேண்டியிருக்கும்.

மழையைவிடக் கேமராவைக் கொல்வது உப்பு. நம் காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) துருப்பிடிப்பதை ஆராய்வதற்கென்றே மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது என்றால் அந்தக் காற்று எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கார்த்திகையில் தேவிபட்டினத்தில் வாடைக்காற்று அடிக்க, தண்ணீரே படவில்லையே என்ற நம்பிக்கையில் இரண்டு மணி நேரம் நின்றேன். வீட்டுக்கு வந்து துடைக்காமல் பையோடு அலமாரியில் வைத்தேன். பத்து நாளில் லென்ஸ் வளையம் சுழலவில்லை, அடுத்த மாதம் ஷட்டர் போனது. தப்பு முழுக்க என்னுடையது. இப்போது கடலிலிருந்து திரும்பிய அன்றே, நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் உடம்பெல்லாம் துடைக்கிறேன், அதன் பிறகுதான் உலர்ந்த துணி. முதலிலேயே உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புப்பொடி கண்ணாடியைக் கீறும். ட்ரைபாட் காலைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலச வேண்டும். கடற்கரையில் நின்று லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள்.

ஏசி காரில் போய்க் கடற்கரையில் கதவைத் திறந்தவுடன் லென்ஸ் வேர்த்துப்போகும், அந்தப் பத்து நிமிடத்தில் உதயம் முடிந்துவிடும். கேமராப் பையை டிக்கியில் வையுங்கள், அல்லது கடைசி இருபது நிமிடம் ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். மழைக்கு ஆயிரக்கணக்கில் உறை விற்கிறார்கள். வீட்டில் கிடக்கிற பாலித்தீன் பையின் அடியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு ரப்பர் பேண்டால் கட்டினால் போதும். லென்ஸ் மறைப்பை (ஹுட்) மாட்டி, கூட ஒருவர் குடை பிடித்தால் இன்னும் நல்லது. என் வீட்டில் அந்த வேலை என் மகளுடையது, இப்போது அவள் எடுக்கிறாள், நான் குடை பிடிக்கிறேன். நனைந்த கேமராவை அரிசிக்குள் புதைக்காதீர்கள், தவிட்டுத்தூள் உள்ளே போகும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். மழைக்காலம் முழுவதுமே லென்ஸ்கள் அந்த டப்பாவில் இருந்தால்தான் பூஞ்சை பிடிக்காது.

புயல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒன்று. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா கரையைக் கடந்தது. இரண்டு நாள் கழித்து ஆலங்குடிப் பக்கம் போனேன். வானம் கழுவிவிட்டது போல, அப்படி ஒரு நீலத்தை நான் பார்த்ததில்லை. கீழே தென்னந்தோப்பு முழுக்கப் படுத்துக் கிடந்தது. ஒரு பெரியவர் விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். கேமராவைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. அது சரியா தப்பா என்று எனக்குள் இன்னும் வாதம் நடக்கிறது, யாராவது எடுத்ததால்தானே வெளியூருக்குச் செய்தி போனது. ஆனால் கடலில் சிவப்பு எச்சரிக்கை வந்த நாளில் கரைக்குப் போகக் கூடாது என்பதில் வாதமே இல்லை.

காந்தி ஆவணப்படம் எடுத்த, கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார் டோக்கியோவுக்கும் நியூயார்க்குக்கும் போய்ப் போட்டோகிராபி படித்தவர். நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். ஒரே ஒரு கண்மாயைத் தேர்ந்தெடுத்து, காரைக்குடியிலிருந்து பத்து நிமிடத்தில் போகிற மாதிரி ஒன்று, ஒரு வருடம் எல்லாப் பருவத்திலும் அதையே எடுங்கள். வெடித்த சேறாக இருக்கும்போது ஒன்று, முதல் மழையில் ஒன்று, நிறைந்து மறுகால் போகும்போது, அல்லி மூடியபோது, பனியில், திரும்ப வற்றும்போது. தூரப் பயணங்களை மாதத்துக்கு ஒன்றாக வையுங்கள்.

லென்ஸ் எதுவும் இப்போது வாங்க வேண்டாம். 18-55 போதும். இருக்கிற காசில் ஒரு நல்ல போலரைசர், காற்றில் ஆடாத கொஞ்சம் கனமான ட்ரைபாட், ஒரு பெரிய கறுப்புக் குடை. மின்னல் இல்லாத தூறலுக்கு மட்டும்தான் அந்தக் குடை.